தொலைபேசிக் கள்வர்

முற்காலத்துக் கள்வர் இருளில் சுவரிற் கன்னமிட்டனர். இக்காலத்துக் கள்வரோ பட்டப்பகலில், தொலைபேசி வழியே, நம் அச்சத்திலும் ஆசையிலும் கன்னமிடுகின்றனர்.

"யாம் காவல்துறையினர், உம்மைக் காணொளி வழியே கைது செய்துள்ளோம், எவரிடமும் கூறாது பணம் அனுப்புக" என்பர் சிலர். 'டிஜிட்டல் கைது' என ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. "பரிசுப் பணம் பெற இரகசிய எண்ணை இடுக" என்பர் வேறு சிலர். யு.பி.ஐ. முறையில் பணம் செலுத்துதற்கன்றிப் பெறுதற்கு அவ்வெண் வேண்டுவதில்லை.

மாணவர்களே! அவசரமும் தனிமையுமே இக்கள்வரின் படைக்கலங்கள். ஆதலின், இணைப்பைத் துண்டித்துப் பெரியோரிடம் உசாவுங்கள். பணம் பறிபோயின், நாணி மறையாது உடனே 1930 என்னும் எண்ணுக்கு அறிவியுங்கள். விரைந்து அறிவித்தால், அப்பணம் கள்வர் கையை அடையுமுன் தடுத்தலும் கூடும். இழுக்கு ஏமாற்றியவர்க்கே, ஏமாந்தவர்க்கு அன்று.