கடதாசியும் கைப்பக்குவமும்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.

அன்புப் பெறாமகளுக்கு,

கனடா விசா வந்த நாளிலிருந்து உங்கள் வீட்டில் பேச்செல்லாம் பெட்டியைப் பற்றித்தான். எத்தனை கிலோ, எந்தக் குளிர்ச்சட்டை, மிளகாய்த்தூளை எத்தனை பையில் கட்டுவது என்று உன் அம்மா என்னிடமும் கேட்டாள். நான் நெடுங்காலம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள் என்பதால் கேட்கிறாள். பெட்டியைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. நீ எங்கே படுக்கப்போகிறாய், என்ன சாப்பிடப்போகிறாய் என்ற இரண்டையும் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே வந்த பிள்ளைகளில் படிப்பு ஏறாமல் தவித்தவர்களை நான் குறைவாகவே கண்டேன். வீடு சரிவராமல், நேரத்துக்குச் சாப்பிடாமல், முதல் குளிர்காலத்திலேயே சோர்ந்துபோனவர்கள்தான் அதிகம்.

எங்கள் சனத்துக்கு ஊர்விட்டு ஊர் போவது புதிதல்ல. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்குப் போனவர்கள் கையில் கிடைத்த வழியால் போனார்கள். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அந்த ஊர் மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். 1990இல் போரினால் எங்கள் மாவட்டத்திலிருந்தே பல குடும்பங்கள் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போயின. அவர்களில் யாருக்கும் வீட்டைப் பற்றி முன்கூட்டியே விசாரிக்க நேரம் இருக்கவில்லை. கனடா போனவர்கள் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில், ஒரு குடும்பத்துக்கே போதாத வீட்டில் பலர் சேர்ந்து படுத்து, ஒருவர் வாய்ச்சொல்லை மற்றவர் நம்பித்தான் காலூன்றினார்கள். அந்த நம்பிக்கை அன்று உயிர் காத்தது. இன்றும் விமானநிலையத்துக்கு வந்து உன்னைக் கூட்டிப்போக ஆட்கள் இருப்பது அதனால்தான்.

ஆனால் அதே பழக்கத்தால் இன்றைய பிள்ளைகள் மாட்டுப்படுகிறார்கள். "எங்கட ஆட்கள்தானே" என்று எழுத்தில் ஒன்றும் வாங்காமல் குடிபுகுந்துவிட்டு, மூன்றாம் மாதம் வாடகை கூடும்போது கேட்க வாயில்லாமல் நிற்கிறார்கள். அன்று போனவர்கள் மாதிரி நீ போகவில்லை. நீ அனுமதியோடும் இடம் கிடைத்த கல்லூரிக் கடிதத்தோடும் போகிறாய். விசாரிக்க உனக்கு வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது.

முதலில் சட்டத்தைப் படி. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் வாடகைக்கு இருப்போருக்கென்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி வீட்டுக்காரர் முற்பணமாக வாங்கக்கூடியது ஒரு மாத வாடகை மட்டுமே. அதையும் நீ வெளியேறும் கடைசி மாதத்துக்கே கழிக்க வேண்டும். ஏதும் உடைந்தால் ஈடுகட்ட என்று தனிப் பணம் வாங்கச் சட்டம் இடம்கொடுக்கவில்லை. நாட்டுக்குப் புதிது, கடன் வரலாறு இல்லை என்று சொல்லி ஆறு மாத வாடகையை முன்னரே தரச்சொல்பவர்கள் உண்டு. அப்படி வற்புறுத்தவும் அவர்களுக்கு உரிமையில்லை. வாடகையை 12 மாதத்துக்கு ஒரு தடவைதான் கூட்டலாம், அதற்கும் 90 நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவசரம் இல்லாவிட்டால், 24 மணித்தியாலத்துக்கு முன் எழுத்தில் சொல்லாமல் உன் வீட்டுக்குள் வரமுடியாது. வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்றி உன்னை வெளியே நிறுத்தவும் முடியாது. உன்னை வெளியேற்ற, வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் சபையின் ஆணை வேண்டும். 2018 ஏப்ரல் 30 முதல், பெரும்பாலான வீடுகளுக்கு அரசாங்கம் வகுத்த ஒரே மாதிரியான ஒப்பந்தப் படிவம் நடைமுறையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கு.

இனி நான் சொல்வதைக் கவனமாக வாசி, பிள்ளை. இந்தச் சட்டம் ஒரு வகையான இருப்பிடத்தைக் காப்பதில்லை. வீட்டுச் சொந்தக்காரரோடோ, அவரது துணை, பிள்ளை, பெற்றோர் என்போரோடோ நீ குசினியையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டால், மேலே சொன்ன உரிமைகள் உனக்கு இல்லை. எங்கள் பிள்ளைகள் தனியாகப் போனால் முதலில் தங்குவது பெரும்பாலும் இப்படியான அறைகளில்தான். ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் மேல்மாடியில் ஓர் அறை, குசினி பொது. அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் மாதங்களுக்கு அதைப்போல் ஆறுதலான இடம் கிடையாது. சட்டம் காக்காத இடத்தில் நீங்கள் இருவரும் எழுதி ஒப்பமிட்ட கடதாசிதான் உன்னைக் காக்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கடதாசியில் இவை இருக்கட்டும்: மாத வாடகை எவ்வளவு, எந்தத் திகதியில் கொடுப்பது, ஹைட்ரோ என்று அங்கே சொல்லும் மின்கட்டணமும் இணையமும் வீட்டைச் சூடாக்கும் செலவும் அதற்குள் அடங்குமா, உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தை வாரத்தில் எத்தனை தரம் பாவிக்கலாம், விட்டுப்போவதானால் எத்தனை நாள் முன்னே சொல்லவேண்டும், கொடுத்த முற்பணம் எப்போது திரும்பும். குசினியைப் பற்றியும் அப்போதே பேசிவிடு. வெள்ளிக்கிழமையில் மச்சம் சமைக்காத வீடுகள் அங்கேயும் இருக்கின்றன. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தாளிக்கக்கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் வீடு, அவர்கள் முறை. மாலை வகுப்பு முடிந்து பத்து மணிக்கு வரும் உனக்கு அது ஒத்துவருமா என்பதை முன்னரே தெரிந்துகொள். சொந்தக்காரர் வீடு என்றால் இதையெல்லாம் கேட்க வெட்கப்படுவாய். வெட்கப்படாதே. எழுதிவைத்த கணக்கு உறவைக் கெடுப்பதில்லை, எழுதாத கணக்குத்தான் கெடுக்கிறது.

பார்க்காத வீட்டுக்கு இங்கிருந்து ஒரு சதமும் அனுப்பாதே. படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பிவிட்டு, போய் நின்றபோது அப்படியொரு வீடே வாடகைக்கு இல்லை என்று கண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். முதல் இரண்டு கிழமைக்குத் தெரிந்தவர் வீட்டில் தங்கு. பிறகு நேரில் போய்ப் பார்த்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு காசைக் கொடு. வேலை செய்யத் தொடங்கும்போது உனக்குக் கிடைக்கும் சமூகக் காப்புறுதி இலக்கத்தை வீட்டுக்காரர் கேட்டாலும் கொடுக்கத் தேவையில்லை.

பேஸ்மென்ட் என்று சொல்லும் நிலக்கீழ் வீடுகள் வாடகை குறைவு என்பதால் உன் கண்ணில் அதிகம் படும். அவற்றில் நல்லவையும் உண்டு. போனதும் யன்னலைத் திறந்துபார். தீப்பிடித்தால் அதன் வழியாக ஓராள் வெளியே வரமுடியுமா? புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா? அது ஒவ்வொரு தளத்திலும், படுக்கும் இடத்துக்கு வெளியிலும் இருக்கவேண்டும் என்பது சட்டம். சுவர் மூலையில் ஈர மணமும் கரும்பூஞ்சணமும் இருந்தால் அந்த வீடு வேண்டாம். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி யார் கையில் இருக்கிறது என்றும் கேள். மேலே இருப்பவர்களுக்கு இதமான சூடு கீழே நடுக்கமாக இருக்கும். குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்குள் 21 பாகை செல்சியஸுக்குக் குறையக்கூடாது என்பது ரொறன்ரோ நகர விதி. பேருந்துத் தரிப்பிடம் எவ்வளவு தூரம் என்பதை நடந்தே பார். ஸ்காபரோவுக்குள் ஓடிய தொடருந்துப் பாதைகளில் ஒன்று 2023 ஜூலையோடு நின்றுவிட்டது. பனியில் நின்று பேருந்துக்குக் காத்திருப்பது அங்கே அன்றாட வேலை.

எங்கள் ஊர் வீடுகள் காற்றை உள்ளே விடக் கட்டப்பட்டவை. கச்சான் காற்று ஒரு யன்னலால் வந்து மறு யன்னலால் போகும். தாளித்த மணமும் அதோடு போய்விடும். அங்கே வீடு வெப்பத்தை அடைத்துவைக்கக் கட்டப்படுகிறது. மணமும் நீராவியும் உள்ளேயே நிற்கும். ஆகவே சமைக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியைப் போடு, உன் அறைக் கதவைச் சாத்து, குளிர்ச்சட்டையைக் குசினிக்குக் கிட்டக் கொழுவாதே. மிளகாய் வறுத்தால் புகைக்கருவி கத்தும். அதன் மின்கலத்தை ஒருபோதும் கழற்றாதே. வறுத்துப் பொடித்த தூளை இங்கிருந்தே கொண்டுபோ. கண்ணாடித் தள மின்னடுப்பில் மண்சட்டி வைக்காதே, அடி தட்டையான சட்டி வாங்கு. பொரித்த எண்ணெயைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றாதே, குழாய் அடைத்துக்கொள்ளும். மீன் முள்ளும் மரக்கறித் தோலும் உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டிக்குள் போகவேண்டும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்காமலே குடிக்கலாம், ஆனால் குளிர்ந்த நீர்க் குழாயிலிருந்து பிடி.

இனிச் சாப்பாடு. ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் கிடைக்காதது கொஞ்சம். சிவப்புப் புழுங்கலரிசி, வறுத்த அரிசிமா, இடியப்பமா, உறைந்த தேங்காய்ப்பூ, உறைந்த முருங்கைக்காய், மாசி எல்லாம் இருக்கும். ஆகையால் பெட்டியைச் சாமானால் நிரப்பாதே. எதைக் கொண்டுபோனாலும் இறங்கும்போது உணவுப் பொருள் இருக்கிறது என்று படிவத்தில் உண்மையாகச் சொல்லிவிடு. மறைத்தால் தண்டம் கட்டவேண்டி வரும். நீ முக்கியமாகக் கொண்டுபோக வேண்டியது உன் அம்மாவின் கைப்பக்குவத்தை.

இங்கே நாங்கள் அமெரிக்கன் மா என்று சொல்லும் கோதுமை மாதான் அங்கே எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும் மா. அதைத் துணியில் கட்டி அவித்து, சூடு ஆறுமுன் அரித்து வைத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்குப் பிட்டுக்குக் கவலையில்லை. அவிக்காமல் குழைத்தால் பசைபோலப் பிடித்துக் கட்டிப்படும். சொதிக்கு ரின் தேங்காய்ப்பால் போதும். அது தடிப்பானது, தண்ணீர் கலந்து கடைசியில் விட்டு, கொதிக்கமுன் இறக்கு. எங்கள் சந்தையில் துடிக்கத் துடிக்க வரும் பாரையும் சூரையும் அங்கே உறைந்துதான் வரும். அதற்காக மீனை விட்டுவிடாதே. அந்த நாட்டுச் சமன் மீன் எங்கள் புளிக்குழம்புக்கு நன்றாகப் பொருந்தும். சதை மிருது என்பதால் குழம்பு வற்றிய பிறகே போட்டு, கரண்டியால் கிளறாமல் சட்டியைச் சுழற்று. காசு குறைந்த கிழமையில் ரின்மீனும் பருப்பும் முட்டையும் உன்னைக் காப்பாற்றும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கறி சமைத்து, சிறு பெட்டிகளில் பிரித்து உறையவை. சோற்றை மட்டும் வெளியே கிடக்கவிடாதே. ஆக்கிய இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்ப்பெட்டிக்குள் வை. அறையிலே கிடந்த சோற்றில் வளரும் நுண்ணுயிரின் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

குளிரில் பசி கூடும், நடை குறையும். அந்த நேரத்தில் வெள்ளைச் சோறும் பொரியலும் சீனி போட்ட தேத்தண்ணியுமாக இருந்தால் எங்கள் குடும்பங்களில் ஏற்கெனவே இருக்கும் நீரிழிவு இளவயதிலேயே எட்டிப்பார்க்கும். சிவப்பரிசியும் கீரையும் கடலையும் தட்டில் கூடட்டும். இன்னொன்று வெயில். திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது, ரொறன்ரோ 43 பாகைக்கும் மேலே. டிசம்பரில் பகல் ஒன்பது மணித்தியாலம்தான். அந்த வெயிலில் எங்கள் தோல் போதிய விற்றமின் டி செய்யாது. கனடாவில் பசும்பாலில் அதைச் சேர்க்கவேண்டும் என்பது சட்டம். பால் குடி, மீன் சாப்பிடு, வைத்தியரிடம் கேட்டு மாத்திரையும் எடு. காரணம் தெரியாத சோர்வு வந்தால் ஊர் நினைவு என்று மட்டும் எண்ணி இருந்துவிடாதே, போய்க் காட்டு.

செலவுக் கணக்கையும் மனதில் வை. படிப்பு அனுமதிக்கு 2025 செப்டெம்பர் முதல், கல்விக் கட்டணமும் பயணச்செலவும் தவிர, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடிய டொலர் காட்டவேண்டும். அதை வசதியான தொகை என்று நினைக்காதே. பெரும்பங்கு வாடகைக்கே போய்விடும். கல்விக்காலத்தில் கல்லூரிக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். கடைச் சாப்பாட்டை நம்பினால் அந்த உழைப்பு கடைக்கே போகும்.

புறப்பட இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்கே ஒரு கொப்பி வாங்கு. பிட்டு, சொதி, மீன்குழம்பு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி ஆகிய ஐந்தையும் அம்மா பக்கத்தில் நிற்க நீயே சமைத்து, அவள் கையால் போடும் உப்பையும் தூளையும் கரண்டியால் அளந்து எழுதிக்கொள். அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில், வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை நான் மேலே சொன்ன ஒழுங்கில் எழுது. அங்கே போய் எந்தக் கடதாசியிலாவது ஒப்பம் வைக்கமுன் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா