பின் ஆக்ஸில் எவ்வளவு தாங்கும்?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். 1969-ஆம் ஆண்டின் செவர்லே செவெல் எஸ்.எஸ். 396 கார் ஒன்றை வாங்கிச் சீர்செய்து வருகிறேன். பின்னால் இருப்பது 12-போல்ட் ஆக்ஸில். எஞ்சினை 500 குதிரைத்திறனுக்கு உயர்த்த எண்ணம். விசாரித்தால் ஒருவர் தாராளமாகத் தாங்கும் என்கிறார். இன்னொருவர் உடனே ஃபோர்டு 9 இன்ச் ஆக்ஸிலுக்கு மாறிவிடுங்கள் என்கிறார். இந்த ஆக்ஸில் உண்மையில் எத்தனை குதிரைத்திறன் வரை தாங்கும்?

பதில்: 500 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தாங்கும் என்றோ தாங்காது என்றோ சொல்லிவிட முடியாது. உங்களிடம் பேசிய இருவரும் அவரவர் காரை மனத்தில் வைத்துப் பேசியிருப்பார்கள். அந்தந்தக் காருக்கு இரண்டு பதிலும் சரியாகவே இருக்கலாம். ஆக்ஸிலுக்குக் குதிரைத்திறன் தெரியாது. அது உணர்வது ஒன்றே ஒன்றுதான்: தன்னை எவ்வளவு பலமாக, எவ்வளவு திடீரென்று முறுக்குகிறார்கள் என்பது. மெக்கானிக்குகள் டார்க் என்று சொல்லும் அந்த முறுக்குவிசையை எஞ்சின் மட்டும் முடிவு செய்வதில்லை. கியர் விகிதம், காரின் எடை, டயரின் பிடிப்பு, கிளட்சை விடும் விதம் எல்லாம் சேர்ந்தே முடிவு செய்கின்றன. எஞ்சினின் திறன் இந்தப் பட்டியலில் ஓர் உறுப்பு மட்டுமே.

கணக்குப் போட்டே பார்க்கலாம். அந்தக் காலத்து கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சினுக்கு நிறுவனம் கொடுத்த அளவு 5,000 சுற்றில் 425 குதிரைத்திறன். 4,000 சுற்றில் 490 பவுண்டு-அடி, அதாவது சுமார் 664 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பின் ஆக்ஸில் விகிதம் 3.54 என்று கொள்வோம். நான்காவது கியரில், எஞ்சின் தன் முழு 425 குதிரைத்திறனையும் கொடுக்கும்போது, இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்துப் போகும் முறுக்குவிசை ஏறக்குறைய 2,140 நியூட்டன் மீட்டர். அதே காரில் 2.65 விகிதமுள்ள முதல் கியரில், 4,000 சுற்றில், எஞ்சின் தரும் திறன் சுமார் 373 குதிரைத்திறன்தான். ஆனால் ஆக்ஸிலுக்கு வரக்கூடிய முறுக்கு 6,200-ஐத் தாண்டுகிறது. குதிரைத்திறன் குறைந்திருக்கிறது, சுமை ஏறத்தாழ மூன்று மடங்காகியிருக்கிறது. இந்த ஒரு கணக்கே ஆக்ஸிலுக்குக் குதிரைத்திறனில் எல்லை கட்டுவது பொருந்தாது என்று காட்டப் போதும். போதாக்குறைக்கு அந்தக் குதிரைத்திறன் எண்ணே நிலையானதல்ல. 1971-இல் இதே ஹெமிக்கு, துணைப் பாகங்கள் இல்லாமல் அளக்கும் பழைய முறையில் 425 என்றும், காரில் பொருத்திய நிலையில் அளக்கும் புதிய முறையில் 350 என்றும் இரண்டு எண்கள் தரப்பட்டன. எஞ்சின் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

இதைவிட வலுவான சான்று கிரைஸ்லர் பொறியாளர்கள் எடுத்த ஒரு முடிவில் இருக்கிறது. 1966 முதல் ஹெமி எஞ்சின் கொண்ட தெருக் கார்களில், நான்கு கியர் மேனுவல் கியர்பாக்ஸ் வாங்கியவர்களுக்கு 9¾ இன்ச் கிரவுன் வீல் கொண்ட டானா 60 ஆக்ஸில் கொடுக்கப்பட்டது. அதே எஞ்சினோடு ஆட்டோமேட்டிக் வாங்கியவர்களுக்கு வழக்கமாக வந்தது அதைவிடச் சிறிய 8¾ இன்ச் ஆக்ஸில். எஞ்சின் ஒன்று, குதிரைத்திறன் ஒன்று, ஆக்ஸில் மட்டும் வேறு. கனமான டானாவுக்குக் கூடுதல் செலவு உண்டு. தேவையில்லாத இடத்தில் எந்தக் கார் நிறுவனமும் அதைப் போடாது. எஞ்சினின் திறனை விட, அது சக்கரத்தை வந்தடையும் விதம்தான் ஆக்ஸிலைத் தீர்மானிக்கிறது என்பதை அவர்கள் தங்கள் பணத்தைச் செலவழித்தே ஒப்புக்கொண்டார்கள்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ஆட்டோமேட்டிக்கில் உள்ள டார்க் கன்வெர்ட்டர், கார் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் முறுக்கை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கித் தரும். அப்படியென்றால் ஆட்டோமேட்டிக் காருக்குத்தானே பெரிய ஆக்ஸில் வேண்டும்? விடை, விசை வந்து சேரும் வேகத்தில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் கியரைப் போட்டு பிரேக்கை மிதித்து நிற்கும்போதே, எண்ணெய் வழியாக ஒரு மெல்லிய அழுத்தம் ஆக்ஸில் வரை போய்விடுகிறது. யூனிவர்சல் ஜாயின்ட், ஸ்ப்ளைன், பற்களுக்கு நடுவே உள்ள ஆட்டம் எல்லாம் ஒரு பக்கமாக அடைந்து நிற்கின்றன. பிறகு வரும் விசை படிப்படியாக ஏறுகிறது. மேனுவலில் 5,000 சுற்றில் எஞ்சினை ஓடவிட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டால், சுழன்றுகொண்டிருக்கும் ஃபிளைவீலும் கிராங்க் ஷாஃப்டும் தங்களிடம் சேர்ந்த ஆற்றலை ஒரே நொடியில் கொட்டுகின்றன. கிளட்ச் வழுக்கும் அந்தக் கணத்தில் கியர்பாக்ஸுக்குள் போவது எஞ்சினின் முறுக்கல்ல. கிளட்ச் பிடிக்கக்கூடிய முறுக்கு. அது வழக்கமாக எஞ்சினுடையதை விடக் கூடுதலாகவே இருக்கும். வழியிலுள்ள ஆட்டமெல்லாம் சுத்தியல் அடியாக மூடுகிறது. கிணற்றுக் கயிற்றை மெல்ல இழுத்தால் குடம் ஏறும். வெடுக்கென்று இழுத்தால் கயிறு அறும். தூக்கும் எடை இரண்டிலும் ஒன்றுதான்.

அடுத்தது டயர். 1,800 கிலோ எடையுள்ள காரில், கிளம்பும் நேரத்தில் பின் சக்கரங்களின் மேல் 1,000 கிலோ இருப்பதாகக் கொள்வோம். சாதாரணத் தெரு டயரின் பிடிப்புக் குணகம் 0.8, சக்கரத்தின் ஆரம் 34 சென்டிமீட்டர் என்றால், சுமார் 2,700 நியூட்டன் மீட்டரிலேயே டயர் வழுக்கிச் சுழலத் தொடங்கிவிடும். எஞ்சின் 6,200 தரத் தயாராக இருந்தாலும் சாலை அதை வாங்கிக்கொள்ளாது. வழுக்கும் டயர் ஆக்ஸிலுக்கு ஃபியூஸ் மாதிரி. பந்தயத்துக்கான ஸ்லிக் டயரைப் போட்டால் அந்த ஃபியூஸைக் கழற்றிவிட்டோம் என்று பொருள். எஞ்சின் தருவது முழுக்க ஆக்ஸிலில் இறங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மோசமான நிலையும் உண்டு: டயர் பிடிப்பதும் விடுவதுமாகச் சக்கரம் தடதடவென்று குதிப்பது. ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் கிரவுன்-பினியன் பற்களில் ஓர் அடி விழுகிறது. உங்கள் செவெல்லில் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் மேல், கீழ் ஆர்ம்களின் ரப்பர் புஷ்கள் தேய்ந்திருந்தால் இந்தத் துள்ளல் எளிதில் வரும்.

அப்படியானால் ஆக்ஸிலின் அளவுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். நிச்சயமாக உண்டு. முறுக்கைத் தாங்கும் வலிமை ஷாஃப்டின் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. சுமார் 33.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள 31 ஸ்ப்ளைன் ஷாஃப்டிலிருந்து 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள 35 ஸ்ப்ளைன் ஷாஃப்டுக்குப் போனால், கூடிய தடிமன் நான்கைந்து மில்லிமீட்டர்தான். வலிமை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. உங்கள் 12-போல்ட்டில் 8⅞ இன்ச் கிரவுன் வீலும் 30 ஸ்ப்ளைன் ஷாஃப்டும் உள்ளன. கியர் விகிதமும் இதே கணக்கில் சேரும். 3.31 விகிதத்தில் கிரவுனில் 43 பல், பினியனில் 13, 4.10 விகிதத்தில் 41-க்கு 10. விகிதத்தை ஏற்றினால் ஷாஃப்டுகளுக்கு வரும் முறுக்கு 24 சதவீதம் கூடுகிறது, பினியனும் சிறுத்துவிடுகிறது. வேகமாகக் கிளம்ப வேண்டுமென்று 4.10 போடுகிறவர், குதிரைத்திறன் ஒன்றுகூட ஏறாமலேயே ஆக்ஸிலின் தாங்குதிறனில் ஒரு பங்கைச் செலவழித்துவிடுகிறார்.

எதற்கு இவ்வளவு கணக்கு, 9 இன்ச்சையே போட்டுவிடலாமே என்பது அடுத்த வாதம். ஃபோர்டு 9 இன்ச்சின் புகழ் காரணமில்லாமல் வந்ததல்ல. அதில் பினியனின் உள்முனையையும் தனியாக ஒரு பேரிங் தாங்குகிறது; சுமை ஏறும்போது பினியன் கிரவுனை விட்டு விலக முயல்வதை அது தடுக்கிறது. பினியன் மற்ற ஆக்ஸில்களை விடத் தாழ்ந்து அமைந்திருப்பதால் பற்கள் அதிகம் பிணைகின்றன. ஆனால் அதே காரணத்தால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதும் அதிகம். உராய்வில் கொஞ்சம் திறன் வெப்பமாகப் போகிறது. தெருவில் மட்டும் ஓடும் காரில், தேவைப்படாத வலிமைக்காக அந்த இழப்பை நாள்தோறும் சுமப்பதில் பொருளில்லை. நான் 9 இன்ச்சுக்கு எதிரியல்ல. காரணம் தெரிந்து மாற்றுங்கள் என்கிறேன்.

வலிமையை விட முக்கியமான ஒன்றை இந்த விவாதங்களில் பலர் விட்டுவிடுகிறார்கள்: உடைந்தால் என்ன ஆகும் என்பது. செவர்லேயின் 12-போல்ட்டில் ஷாஃப்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது, அதன் உள்முனையில் மாட்டியிருக்கும் ‘சி’ வடிவ கிளிப் ஒன்றுதான். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரம், பிரேக் டிரம் எல்லாம் சேர்ந்து காரை விட்டு வெளியேறிவிடலாம். ஃபோர்டு 9 இன்ச்சில் வெளிமுனையில் உள்ள பேரிங்கை ஒரு தகடும் போல்ட்டுகளும் ஹவுசிங்கோடு பிடித்திருக்கின்றன. ஷாஃப்ட் உள்ளே உடைந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன்பு இதைத்தான் கேட்க வேண்டும். இது காருக்குள் இருப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது.

இனி உங்கள் காருக்கு வருவோம். ஆட்டோமேட்டிக், தெரு டயர், 3.31-ஐ ஒட்டிய விகிதம் என்றால், நல்ல நிலையில் உள்ள 12-போல்ட் உங்கள் 500-ஐத் தாங்கும். மேனுவல், ஒட்டிப் பிடிக்கும் டயர், 4.10 என்றால், எஞ்சினில் ஒரு டாலர் செலவழிக்கும் முன்பே தடித்த ஷாஃப்டுகளையும், ‘சி’ கிளிப்பை நீக்கி வெளிமுனையில் பிடிக்கும் அமைப்பையும் போடுங்கள். பந்தயத் தடத்துக்கே போவதாக இருந்தால் 9 இன்ச்சைச் சொன்ன நண்பர் பக்கம் நியாயம் இருக்கிறது. எப்படியானாலும் முதலில் இரண்டு ஷாஃப்டுகளையும் உருவி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து ஸ்ப்ளைன் வரிகளைப் பாருங்கள். அவை நேர்கோடாக ஓட வேண்டும். முனையில் முறுக்கிய கயிறு போலச் சாய்ந்திருந்தால், அரை நூற்றாண்டில் யாரோ அந்த இரும்பை அதன் எல்லைக்கு அப்பால் முறுக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஷாஃப்டை 500-க்கு மட்டுமல்ல, 300-க்கும் நம்பாதீர்கள்.