வண்டிக்கு அடியில் கேட்கும் ‘டக்’ சத்தம்



நம்மில் பல குடும்பங்களுக்கு ஹலாலான வருமானம் ஒரு பழைய பிக்கப் வண்டி மூலமாகவே வருகிறது. அந்த வண்டியில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு பாகத்தைப் பற்றி இம்மாதம் பார்ப்போம்.

பொலேரோ பிக்கப், டாடா ஏஸ் போன்ற வண்டிகளில் வண்டியைத் தள்ளுவது பின்சக்கரங்கள். கியர்பாக்ஸின் சுழற்சியை அவற்றுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட இரும்புக் குழாய்தான் புரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் முனைகளில் கூட்டல் குறி வடிவில் ‘ஜாயின்ட் கிராஸ்’ இருக்கும். மேடு பள்ளத்தில் பின் ஆக்சில் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் வளைந்துகொடுத்துச் சுழல்வது இதனால்தான். இதன் பேரிங்கில் கிரீஸ் வற்றினால் துருப்பிடித்துத் தேயும்.

அறிகுறிகள்:

1. வண்டியை எடுக்கும்போதும், ரிவர்ஸ் மாற்றும்போதும் ‘டக்’ என்ற சத்தம். பெரும்பாலும் கிராஸ் தேய்ந்திருக்கும்.
2. மெதுவாகப் போகும்போது ‘கீச் கீச்’ சத்தம். கிரீஸ் இல்லை.
3. வேகம் கூடக்கூட அதிர்வும் கூடுவது. ஷாஃப்ட் வளைந்திருக்கலாம், பேலன்ஸ் எடை விழுந்திருக்கலாம்.
4. பாரத்துடன் கிளம்பும்போது உடல் நடுங்குவது. இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் சென்டர் பேரிங்கின் ரப்பரைப் பாருங்கள்.

சோதிக்கும் முறை எளிது. சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விடுங்கள். ஷாஃப்ட்டை ஒரு கையாலும், கிராஸுக்கு அப்பால் உள்ள பாகத்தை மறு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருப்புங்கள். கிராஸில் ஆட்டம் தெரிந்தாலோ, மூடி ஓரம் செந்நிறத் துருத்தூள் இருந்தாலோ மாற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

கிராஸ் சிறிய பாகம்தான். ஓட்டத்தில் உடைந்தால் விளைவு பெரிது. முன்முனை கழன்றால் ஷாஃப்ட் சாலையில் ஊன்றி வண்டியையே தூக்கிவிடலாம். இறக்கத்தில் இஞ்சின் பிடிமானம் போய்விடும். கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும். பின்னால் ஆட்களை ஏற்றியிருந்தால் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இருபுறமும் அடையாளக் கோடு போடச் சொல்லுங்கள். பழைய இடத்திலேயே பொருத்தாவிட்டால் புதிய கிராஸ் போட்டும் அதிர்வு வரும். கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸ் என்றால், நான்கு மூடிகளிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சத்தம் வரும் வண்டியைக் கெட்டி கிரீஸ் அடித்து அமுக்கி விற்பது மோசடி. ஈரமான தானியத்தை உள்ளே மறைத்து வைத்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். குறையைச் சொல்லி விற்பதில்தான் பரக்கத் இருக்கிறது. வாங்குபவரின் உயிரும் நம்மிடம் உள்ள அமானிதமே.

அல்லாஹ் நம் பயணங்களையும் சம்பாத்தியத்தையும் பாதுகாப்பானாக. ஆமீன்.