பாடம்: இறகுப்பந்து வீரர் பிரகாஷ் படுகோனே

மாணவர்களே! அல்சூரில் வாழும் நம்முள் பலருடைய பெற்றோர் பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள். விளையாட்டு வீரர்களும் அவ்வாறு இடம்பெயர்வது உண்டு.

பிரகாஷ் படுகோனே 1955ஆம் ஆண்டு பெங்களூரில் பிறந்தார். மல்லேசுவரத்தில் இருந்த திருமண மண்டபம் ஒன்றே அவருக்குப் பயிற்சிக்களம். திருமணம் நடைபெறும் நாள்களில் அங்கு ஆட இயலாது. எனினும் அவர் 1971 முதல் 1979 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் தேசிய வாகையர் ஆனார். 1980இல் இலண்டனில் இந்தோனேசிய வீரர் லியம் சுவீ கிங்கை வென்று, அகில இங்கிலாந்துப் பட்டம் பெற்ற முதல் இந்தியராகத் திகழ்ந்தார்.

அதன்பின், சிறந்த வீரர்களுடன் நாள்தோறும் ஆடிப் பழகுவதற்காக டென்மார்க்கில் குடியேறினார். ஆயினும் பன்னாட்டுப் போட்டிகளில் இந்தியாவுக்காகவே ஆடினார். 1983இல் கோபன்கேகனில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். தாயகம் திரும்பியபின், 1994இல் பெங்களூரில் பயிற்சிக்கழகம் ஒன்றை நிறுவினார். தாம் அயல்நாடு சென்று பெற்ற பயிற்சியை இந்நகரப் பிள்ளைகள் இங்கேயே பெற வழிசெய்தார்.

சொற்பொருள்: வாகையர் – வெற்றி பெற்றவர், தாயகம் – பிறந்த நாடு.

விடை எழுதுக:
1. பிரகாஷ் டென்மார்க்கில் குடியேறியது ஏன்?
2. உம் குடும்பம் ஊர் மாறியதால் பெற்றது யாது? விட்டு வந்தது யாது? பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.