பரணில் கிடக்கும் துப்பாக்கி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மும்பையில் கோவண்டியிலும் செம்பூரிலும் சீத்தா கேம்பிலும் நம்மவர்களோடு ஊர்ப்பேச்சு பேச உட்கார்ந்தால், எப்படியும் யாராவது ஒரு தாத்தாவின் துப்பாக்கி வந்துவிடும். காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருந்தது. குழலின் வாய் வழியே கரிமருந்தும் ஈயக்குண்டும் போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. போலீஸ் காகிதத்தில் அதன் பெயர் எஸ்.பி.எம்.எல். அந்தக் கதைகளோடு சில நம்பிக்கைகளும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. மே மாத லீவுக்குப் பிள்ளைகளோடு குர்லா டெர்மினஸில் ரயிலேறும் முன் அவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

“அந்தக் காலத்துத் துப்பாக்கிதானே, பக்கத்து வயலைத் தாண்டாது” என்பார்கள். வழவழப்பான குழலில் உருண்டைக் குண்டு போட்டால் 100 கஜத்துக்கு மேல் குறி நிற்காது என்பது உண்மை. ஆனால் குறி தவறிய குண்டு அங்கேயே விழுந்துவிடுவதில்லை. குழலுக்குள் திருகுவரி வெட்டியதும் கதையே மாறியது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் கொழுப்புத் தடவிய தோட்டாவால் பேர் பெற்ற என்ஃபீல்டும் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிதான். 900 கஜத்துக்குக் குறி வைக்கும் அளவுகோல் அதில் இருந்தது. கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு வரியில்லாத குழல் கொண்ட துப்பாக்கிகளையே ஆங்கிலேயர் கொடுத்தார்கள். தூரத்தின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வாய்வழித் துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு இன்னொரு சான்று: 1874 செப்டம்பரில் நியூயார்க் அருகே கிரீட்மூர் திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் துப்பாக்கிச் சுடும் போட்டியில் மோதின. தூரம் 800, 900, 1000 கஜம். ஐரிஷ்காரர்கள் வாய்வழி கெட்டித்தே சுட்டார்கள். அமெரிக்கர்களிடம் பின்பக்கம் தோட்டா போடும் புது ரகம். 934-க்கு 931 என்று அமெரிக்கா வென்றது. அதுவும் ஐரிஷ் வீரர் ஒருவர் பக்கத்து இலக்கின் நடுப்புள்ளியில் சுட்டுத் தன் 4 புள்ளியை இழந்ததால்தான்.

“மருந்தைக் கூட்டினால் தூரம் கூடும்” என்பது அடுத்தது. ஓர் அளவுக்கு மேல் போட்ட மருந்து குழலுக்குள் எரிந்து முடியாமல் புகையும் கரியுமாக வெளியே போகும். குறி கெடும், குழல் தாங்கும் அழுத்தம் மட்டும் ஏறும். தூரத்தைத் தந்தவை திருகுவரியும், நீளமான குண்டும், ஒவ்வொரு முறையும் மாறாத அளவும்தான். என்ஃபீல்டின் வரி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நெடுந்தூரத்துக்குப் பேர்போன விட்வொர்த் துப்பாக்கியில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. “மருந்து மருந்துதானே” என்று இக்காலத் தோட்டாவைப் பிரித்து அதிலுள்ள புகையில்லா மருந்தைக் கொட்டினால், குழல் வெடித்துக் கையையும் கண்ணையும் கொண்டுபோகும்.

என்னை மிகவும் பயமுறுத்துவது இன்னொரு நம்பிக்கை: “கெட்டித்ததை எவனாவது மறப்பானா?” மறப்பான். 1863-இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கிய 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் ஏறக்குறைய 24,000 கெட்டித்தபடியே கிடந்தன. அவற்றில் பாதியில் இரண்டு கெட்டிப்பு. ஒன்றில் மட்டும் 23. பயிற்சி பெற்ற சிப்பாய்களே மறந்தார்கள் என்றால் நாம் எம்மாத்திரம்?

அதனால்தான் வாய்வழித் துப்பாக்கி சுடும் இன்றைய போட்டியாளர்கள் கெட்டிக்கும் கம்பியில் இரண்டு கோடு போட்டு வைக்கிறார்கள். ஒன்று காலிக் குழலுக்கு, மற்றது சரியாகக் கெட்டித்த குழலுக்கு. கம்பி எந்தக் கோடு வரை இறங்குகிறது என்று பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். குண்டு மருந்தின்மேல் அழுந்தி உட்கார வேண்டும். நடுவே இடைவெளி விட்டால் குழல் உப்பும், வெடிக்கும். மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலில் ஊற்றுவதும் கூடாது. முன் சுட்ட தீப்பொறி உள்ளே கனன்றுகொண்டிருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். தனியளவையில் எடுத்தே போட வேண்டும். குழல்வாய்க்கு நேரே முகமோ நெஞ்சோ வரக்கூடாது. மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை மாட்டுவது கடைசியில், இலக்கைப் பார்த்து நின்ற பிறகுதான். சுட்டும் வெடிக்கவில்லையென்றால் குழலை இலக்கை விட்டுத் திருப்பாமல் ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

சுட்டபின் எண்ணெய் மட்டும் போட்டால் போதாது. கரிமருந்தின் உப்புக்கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். முதலில் தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும்.

“பழசுக்கு லைசென்ஸ் வேண்டாம், குடகில் எல்லாரும் வைத்திருக்கிறார்களே” என்கிறார்கள். குடகில் இருப்பது கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்போருக்கும் மட்டுமான தனி விலக்கு. மற்றவர்களுக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்தான். பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே அது விலக்குத் தருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

ஊர் வீட்டுப் பரணில் அப்படி ஒரு துப்பாக்கி இருந்தால் அது கெட்டித்தே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசையைத் தட்டிப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள், நீங்களே சுத்தம் செய்யவும் இறங்காதீர்கள். உள்ளூர்க் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், அவர்களே வந்து எடுக்கட்டும். ஈரம் படாத கரிமருந்துக்கு வயதாவதில்லை. 2008-இல் வர்ஜீனியாவில், 140 ஆண்டுக்கு மேற்பட்ட பீரங்கிக்குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர் அது வெடித்து இறந்துபோனார்.