காலடிக் கணக்கு

உயர்நிலை இரண்டில் பயிலும் மாணவர்களுக்கு உடற்கல்வி ஆசிரியர் ஒரு பணியைக் கொடுத்தார். ஏழு நாள்களுக்குத் தங்கள் காலடி எண்ணிக்கையைத் திறன்பேசியிலோ கைக்கடிகாரத்திலோ பார்த்து, ஒவ்வோர் இரவும் குறித்துவைக்க வேண்டும். அந்த வாரம் யாரும் கூடுதலாக நடக்கக் கூடாது என்பதே நிபந்தனை. வழக்கமாக எவ்வளவு நடக்கிறோம் என்பது தெரியாமல் இலக்கு வைப்பது, கையிலுள்ள பணத்தை எண்ணாமல் கடைக்குப் போவதைப் போன்றதுதான்.

ஆயினும், இரண்டாம் நாளே வகுப்பில் போட்டி தொடங்கிவிட்டது. ஒரு மாணவன் இருக்கையில் அமர்ந்தபடியே கையை ஆட்டி, கடிகாரத்தில் 300 காலடிகளைச் சேர்த்துக் காட்டினான். "10,000 எட்டாவிட்டால் தோல்விதான்," என்றான் இன்னொருவன்.

மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன எண் இது என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில், 1965ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று காலடிகளை எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மன்போ-கெய்'. 'பத்தாயிரம் காலடி மானி' என்பது அதன் பொருள். விற்பனைக்காக வைத்த பெயர், நாளடைவில் உலகெங்கும் இலக்காகிவிட்டது. 2019இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 72 வயதைச் சராசரியாகக் கொண்ட 16,741 பெண்களின் நடையைக் கணக்கிட்டது. நாளொன்றுக்குச் சுமார் 2,700 காலடிகள் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500ஐத் தாண்டிய பிறகு அந்த விகிதம் மேலும் குறையவில்லை. பதின்ம வயதினருக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலுக்கு உழைப்புத் தரும் செயல்களில் ஈடுபட வேண்டும் என்றே உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நீச்சலும் மிதிவண்டி ஓட்டுவதும் அதில் அடங்கும்.

வகுப்பில் ஒரு மாணவியின் வாரக் கணக்கு 42,000 காலடிகள். ஏழால் வகுத்தால் சராசரி 6,000. மோசமில்லை என்று அவள் நினைத்தாள். ஆசிரியரோ சராசரியை விட்டுவிட்டு, பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கச் சொன்னார். உடற்கல்விப் பாடம் இருந்த வியாழக்கிழமை 9,400. ஞாயிற்றுக்கிழமை வெறும் 1,900! அன்று அவள் வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை.

"எந்த நாளை மாற்றப்போகிறாய்?" என்று ஆசிரியர் கேட்டார்.

விறுவிறுப்பாக நடந்தால் ஏறக்குறைய 10 நிமிடத்தில் 1,000 காலடிகள் ஆகும். ஆகவே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் 1,500 காலடிகளைக் கூட்டுவதென அவள் முடிவுசெய்தாள். பாட்டியுடன் ஈரச்சந்தைக்குப் போய்வந்தாலே போதும்.

சிங்கப்பூரில் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இல் தேசிய அளவிலான காலடிச் சவாலைத் தொடங்கியது. அப்போதிருந்தே பாட்டிக்கும் காலடிகளை எண்ணும் பழக்கம் உண்டு. அந்த ஞாயிறு இருவரும் ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாகத் திரும்பினர். பேத்தியின் கைப்பேசி 2,600 என்றது. பாட்டியின் கைப்பேசி 900 என்றது.

"நான் பாதி வழி பறந்து வந்தேனா?" என்று பாட்டி சிரித்தார்.

மறுநாள் ஆசிரியர் காரணத்தை விளக்கினார். கருவி கால்களைப் பார்ப்பதில்லை. சீரான அசைவை மட்டுமே உணர்கிறது. அதனால், ஆட்டிய கைக்கும் காலடி கிடைக்கிறது. கைத்தடியை ஊன்றி மெதுவாக நடப்பவரின் காலடிகளில் பல விடுபட்டுப்போகின்றன. கையை ஆட்டிய மாணவன் தன் பட்டியலில் 300ஐ அடித்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு, பாட்டியின் காலடிகளைப் பேத்தியே வாய்விட்டு எண்ணிக்கொண்டு நடந்தாள். மீன் விலையைப் பற்றிப் பாட்டி இடையிடையே பேச்சுக் கொடுத்ததால், எண்ணிக்கை இருமுறை தவறியது. மின்தூக்கியின் அருகே இருவரும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினர்.