மாற்றல் மனுவில் கையெழுத்திடும் முன்

அன்புள்ள தங்கைக்கு,

குடும்ப நீதிமன்றத்தில் சொந்தமாக வக்காலத்து போடத் தொடங்கியிருக்கிறாய். "ஜட்ஜ் அவங்க பக்கமே பேசுறாரு மேடம், கேஸை வேற கோர்ட்டுக்கு மாத்திக் குடுங்க" என்று ஒரு கட்சிக்காரர் கண்ணீரோடு உன் முன் வந்து நிற்கப்போகிறார். அந்த மனுவைப் போடலாமா, போட்டால் எப்படி எழுதுவது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் அவர் பேசி முடிக்கட்டும், குறுக்கே போகாதே. மற்ற சிவில் நீதிமன்றங்களில் வக்கீல்தான் பேசுவார், கட்சிக்காரர் பின்னால் நிற்பார். இங்கே 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி வக்கீல் வைத்து வாதாடுவது உரிமையே அல்ல. நீதிபதி நேரடியாக அவரிடமே கேள்வி கேட்பார். திருமணம் முறிந்த வேதனையில் இருப்பவருக்கு ஒரு கடுஞ்சொல்கூட ஒருதலைப்பட்சமாகத்தான் படும். அந்த வலி பொய் இல்லை. ஆனால் வலி வேறு, மாற்றலுக்கான காரணம் வேறு.

இடைக்கால ஜீவனாம்சம் குறைத்துப் போட்டார், வாய்தா தரவில்லை, குழந்தையைப் பார்க்க அப்பாவுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்: இவையெல்லாம் பாதகமான உத்தரவுகள். இவற்றுக்கு மேல்முறையீடோ சீராய்வு மனுவோ உண்டு. "ரெண்டு பேரும் சேர்ந்து வாழப் பாருங்க" என்றதையும் பலர் குற்றமாகச் சொல்வார்கள். சமரசத்துக்கு முயல்வது அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு நீதிபதிக்கு வைத்திருக்கும் கடமை. அதைச் சலிக்காமல் விளக்கிச் சொல்.

அதே நீதிபதி, ஒரு சாட்சிகூட கூண்டேறாத நிலையில், "வீட்டை விட்டுப் போனது நீதானே, உனக்கு எதுக்கு ஜீவனாம்சம்?" என்று கேட்டிருந்தால் நிமிர்ந்து உட்கார். எதிர்த்தரப்போடு அவருக்கு உறவோ பழைய தொழில் தொடர்போ இருந்தாலும் அப்படியே. தீர்ப்பை முன்கூட்டியே மனதில் எழுதி வைத்திருக்கிறார் என்று நியாயமான ஒருவர் அஞ்சுவதற்கு அங்கே இடம் இருக்கிறது.

மாணக் லால் வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். உண்மையிலேயே பாரபட்சம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, நியாயமான அச்சம் இருந்தால் போதும். ஆனால் அந்த வழக்கின் மறுபாதியைப் பலர் படிப்பதில்லை. ஒரு வக்கீல்மீதான ஒழுங்கு விசாரணை அது. விசாரித்த குழுவின் தலைவர், புகார் கொடுத்தவருக்காக முன்பு ஆஜரானவர். அச்சத்துக்குக் காரணம் உண்டு என்று ஏற்ற நீதிமன்றமே, தெரிந்திருந்தும் தொடக்கத்தில் ஆட்சேபிக்கவில்லை என்பதால் வக்கீலின் வாதத்தைத் தள்ளியது. ஆகவே சாதகமாக வருமா என்று உத்தரவு வரை காத்திருந்து, வரவில்லை என்றதும் மாற்றல் கேட்காதே. அந்த மனுவின் யோக்கியதையை முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி அபிடவிட். கட்சிக்காரர் எழுதிக்கொண்டு வருவதில் "நீதிபதி எதிர்மனுதாரரிடம் விலைபோய்விட்டார்" என்று ஒரு வரி இருக்கும். ஆதாரம் கேட்டால் "எல்லாரும் பேசிக்கிறாங்க" என்பார். அந்த வரியை அடித்துவிடு. அதற்குப் பதிலாக இப்படி எழுது: இன்ன தேதியில், இன்ன இடைக்கால மனு (ஐ.ஏ.) விசாரணைக்கு வந்தபோது, இருதரப்பும் ஆஜராகியிருக்கையில், நீதிபதி மனுதாரரிடம் இன்ன சொற்களைச் சொன்னார். அன்றைய உத்தரவில் அது இல்லை. மறு வாய்தாவிலேயே அதைக் குறித்து மெமோ தாக்கல் செய்யப்பட்டது. பெயரடை ஒன்றுகூட வேண்டாம். நடந்தது உண்மையானால் தேதியும் சொன்ன சொற்களுமே போதும். அன்றன்றைக்கு நடந்ததை அன்று மாலையே வழக்குக் கட்டில் குறித்து வைக்கும் பழக்கம் இருந்தால்தான் இப்படி எழுத முடியும். ஆதாரம் வேண்டுமென்று கட்சிக்காரர் செல்போனை மறைத்து வைத்துப் பதிவு செய்யப் பார்ப்பார். கண்டிப்பாகத் தடுத்துவிடு. மூடிய அறை விசாரணையில் அது அவருக்கே வினையாகும்.

கையெழுத்து உன்னுடையது. 1954இல் எம்.ஒய்.ஷெரீப் வழக்கில், நாக்பூர் உயர்நீதிமன்ற நீதிபதிகளைப் பழித்த மாற்றல் மனுவில் கையெழுத்திட்ட வக்கீல்களும் அவமதிப்புக்கு உள்ளானார்கள். போதிய முகாந்திரம் உண்டா என்று பார்க்காமல் கையெழுத்திடுவது கட்சிக்காரருக்குச் செய்யும் கடமை ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். 2025இலும் தெலங்கானா உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரைப் பற்றி மாற்றல் மனுவில் எழுதியதற்காகக் கட்சிக்காரரோடு வக்கீல்களுக்கும் நோட்டீஸ் போனது. அந்த நீதிபதியிடமே மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று.

இதைப் படித்துப் பயந்துவிடாதே. கண்ணெதிரே பாரபட்சம் நடந்தும் "ஜட்ஜைப் பகைக்கக் கூடாது" என்று வாயை மூடிக்கொள்ளும் வக்கீல் இருக்கிறாரே, அவர் பொய் மனு போடுபவரைவிட எந்த வகையிலும் மேலானவர் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

சுலபமான வழி இருக்கிறதா என்றும் பார். கைக்குழந்தையோடு திருநெல்வேலியில் அம்மா வீட்டில் இருக்கும் பெண் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னை வரமுடியாது என்றால் அந்தச் சிரமமே வலுவான காரணம். அதனோடு அரைகுறைப் பாரபட்சக் குற்றச்சாட்டைச் சேர்த்தால் நல்ல காரணமும் கெட்டுப்போகும்.

மனு சிவில் நடைமுறைச் சட்டம் 24ஆம் பிரிவில், உயர்நீதிமன்றத்தில். இந்து திருமணச் சட்டத்தின் 24 இடைக்கால ஜீவனாம்சம். அவசரத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, இப்போது பி.என்.எஸ்.எஸ். 144இன் கீழ் ஜீவனாம்ச மனு தனியாக நடந்தால் அதை மாற்ற அதே பி.என்.எஸ்.எஸ். 447ஆம் பிரிவில் தனி மனு வேண்டும். வழக்கு மாறினால் முதலிலிருந்து தொடங்கும் என்று கட்சிக்காரரிடம் வாக்குக் கொடுக்காதே. புதிய நீதிமன்றம் விட்ட இடத்திலிருந்தும் தொடரலாம்.

மனு தள்ளுபடியானால் அதே நீதிபதி முன்புதான் நீ நிற்க வேண்டும். பெயரடையில்லாமல் எழுதியிருந்தால் நிமிர்ந்து நிற்கலாம். இன்னொன்று, மாற்றல் மனு நம்பர் ஆகிவிட்டது என்பதால் மட்டும் கீழே விசாரணை நிற்காது. ஸ்டே கிடைக்காதவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் கட்சிக்காரரை அழைத்துக்கொண்டு போய் ஆஜராகு. எக்ஸ்பார்ட்டி ஆக விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் அக்கா